படத்தில் இருந்த கூஜா

“படத்தில் இருந்த கூஜா வேறு, வந்த கூஜா வேறு. பழசு என்று காட்டி ஏலம் விட்டுவிட்டுப் புதுசை அனுப்பியிருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே சீனி, சீனி முழுக்க எறும்பு. கழுத்தில் இருந்த எழுத்தையும் காணோம். நம்பி வாங்காதீர்கள்.”

இது எனக்கு வந்த முதல் புகார். மத்தியானச் சோறு கொதித்துக்கொண்டிருந்த நேரம். கைபேசியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். இரண்டாம் தடவையும் அதேதான் எழுதியிருந்தது. அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

நான் பழைய பாத்திரங்களை இணையத்தில் ஏலம் விடுகிறவள். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்காரருக்குப் பிரியாணிக் கடை, எனக்கு இது. மகள் கல்யாணம் ஆகிப் போகும்போது, “நீ வீட்ல சும்மா உக்காந்திருந்தா அத்தாவோட சண்டதாம்மா போடுவ” என்று அவள் அப்பாவைக் காட்டிச் சொல்லி, ஏலத் தளத்தை என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது ஏலமும் விடுகிறேன், சண்டையும் போடுகிறேன்.

பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப் பாத்திரக் கடையில் வந்து விழுந்து, உருக்கப் போகும் குவியலுக்குள் கை விட்டு நான் பொறுக்கி எடுப்பேன். கடைக்காரருக்கு என்னைக் கண்டால் சிரிப்பு. “அக்கா, குப்பையக் கிளற வந்துட்டீகளா?” என்பார். குப்பைதான். அந்தக் குப்பையைப் படம் பிடித்துப் போட்டால், எங்கோ பெங்களூரில் இருக்கிற ஒருவரும் புனேயில் இருக்கிற ஒருவரும் விடாமல் மோதிக்கொள்கிறார்கள்.

ஏலம் ஏழு நாள். ஆறு நாளும் ஈ காக்காய் எட்டிப் பார்க்காது. கேள்விகள் மட்டும் வரும். ஓட்டை இருக்கா? எத்தனை லிட்டர் பிடிக்கும்? இதில் தண்ணீர் குடித்தால் சர்க்கரை நோய் குறையுமா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவேன். வீட்டில் செலவழிக்காத பொறுமை அத்தனையும் அங்கேதான் போகிறது. கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் ஆட்கள் வந்து குதிப்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் வீட்டில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் காது கேட்காது.

இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பாத்திரத்தை விளக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு செம்பைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி ஆக்கிப் படம் போட்டேன். ஒருவரும் சீந்தவில்லை. பழசு வாங்குகிறவர்களுக்கு அந்தக் கறுப்புதான் வேண்டும். பித்தளை காற்றுப் பட்டுப் பட்டு, கை பட்டுப் பட்டு, தானாகக் கறுத்திருக்க வேண்டும். அழகு என்கிறார்கள் அதை. எனக்கு அது இன்றும் அழுக்குதான். ஆனாலும் வாங்குகிறவர் விருப்பம் என்று விட்டுவிட்டேன்.

கூஜாவும் அப்படித்தான் கறுகறுவென்று இருந்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் தண்ணீர் கொண்டுபோவார்களே, திருகு மூடியும் கைப்பிடியும் வைத்த பித்தளைக் கூஜா, அது. வயிற்றில் ஒரு நசுங்கல். கழுத்துக்குக் கீழே யாரோ பெயர் வெட்டியிருந்தார்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாக மூன்று எழுத்து. புள்ளிகளுக்குள் அழுக்கு ஏறியிருந்ததால் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. யாருடைய பெயராக இருந்தால் எனக்கென்ன என்று, நான்கு பக்கமும் படம் எடுத்துப் போட்டு, “படத்தில் உள்ளபடியே அனுப்பப்படும்” என்று கீழே எழுதினேன். அந்த வரியை நான் எல்லாப் பொருளுக்கும் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கூஜா ஏலத்தில் ஒருவர் மட்டும் முதல் நாளிலிருந்தே நின்றார். யார் ஏற்றினாலும் அடுத்த நொடியே அவரும் ஏற்றினார். கடைசியில் மற்றவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஒரு நசுங்கின கூஜாவுக்கு இம்புட்டு ஆசையா என்று நானே நினைத்தேன்.

அதை அனுப்ப வேண்டிய நாளில் நான் மதுரையில் ஒரு நிக்காஹ்வுக்குப் போய்விட்டேன். அட்டைப் பெட்டி, காகிதம், ஒட்டுகிற டேப், விலாசம் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு, “பெட்டியில வச்சு ஒட்டி, கடைக்குப் பக்கத்துல இருக்குற கொரியர்ல குடுத்துருங்க. அம்புட்டுதான்” என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனேன். அம்புட்டுதான் என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆறாம் நாள் இந்தப் புகார் வந்தது. ஏலத் தளத்தில் என் பக்கத்தில் அதுவரை ஒரு குறை கிடையாது. எல்லாம் ஐந்து நட்சத்திரம். “நேர்மையான விற்பனையாளர்” என்று எவ்வளவோ பேர் எழுதியிருக்கிறார்கள், அதையெல்லாம் நான் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஏமாற்றுக்காரி என்ற அர்த்தத்தில் ஒருவர் எழுதிவிட்டார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

நான் கோபத்தில் மெதுவாக எழுதுகிற ஆள் இல்லை. கஞ்சி ஒட்டிய விரலோடு அடித்தேன். “என் வீட்டிலிருந்து கிளம்பிய கூஜா கறுப்பு. சீனியும் எறும்பும் நான் விற்கவில்லை. நல்ல கூஜாவை எடுத்து வைத்துக்கொண்டு வேறொன்றைக் காட்டிப் புகார் கொடுப்பதற்குப் பெயர் மோசடி. இந்த மாதிரி ஆட்களிடம் மற்ற விற்பனையாளர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.” அனுப்பிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். மனசுக்கு இதமாக இருந்தது.

வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். குழைந்த சோற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் புகாரைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதிவரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், எறும்பு என்ற இடத்தில் நிமிர்ந்தார்.

“எறும்பா? எப்பிடி வந்துச்சு? மூடிய நல்லா முறுக்கித்தானே வச்சேன்.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நீங்க எதுக்கு மூடியத் தெறந்தீக?”

“சீனி போடத்தான்.”

“எதுக்குச் சீனி?”

“இது என்ன கேள்வி? ஒரு ஏனத்த வெறுமனேயா ஒருத்தர் வீட்டுக்குக் குடுக்குறது?”

கேள்வியில் நியாயம் இருந்தது. ஏனென்றால் எங்கள் தெருவில் யாரும் வெறும் பாத்திரம் கொடுப்பதில்லை. நாங்கள் நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்ட தூக்குவாளி பக்கத்து வீட்டிலிருந்து திரும்பும்போது அதற்குள் நாலு வாழைப்பழமாவது இருக்கும். எதிர்வீட்டார் பொங்கல் கொடுத்த கிண்ணத்தில் நாங்கள் ஒரு பிடி சீனி போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு முருங்கைக் கொத்தாவது அதில் கிடக்க வேண்டும். இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்தது இல்லை. ஆனால் ஏலத்தில் விற்ற கூஜாவுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான், அவரை எனக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

“சரி, சீனி போகட்டும். கூஜா ஏன் புதுசா இருக்குங்கிறாரு?”

இந்த இடத்தில் அவர் முகம் மலர்ந்தது. அதை நான் மன்னிக்கவே முடியாது.

“அத ஏன் கேக்குற. அம்புட்டு கறுப்பு. கடைக்குக் கொண்டுபோயி நானே உக்காந்து வெளக்கினேன். புளியும் உப்பும் போட்டு ஊற வச்சு, அப்பறம் செங்கப்பொடி. மூணு தண்ணி விட்டுக் கழுவுனேன். மூஞ்சி பாக்கலாம் அதுல. அப்பிடியே கரியோட அனுப்பியிருந்தா வாங்குனவுக என்ன நெனச்சிருப்பாக? திண்டுக்கல்லுல புளிக்குப் பஞ்சம்னு நெனக்க மாட்டாக?”

எங்கள் வீட்டுக்காரரின் கடையில் அண்டாக்கள் பளபளவென்றுதான் இருக்கும். சாப்பிட வருகிறவன் முதலில் அண்டாவைத்தான் பார்ப்பான், அப்புறம்தான் கறியைப் பார்ப்பான் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையால்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். ஆகவே முழுசாகத் திட்டவும் முடியவில்லை. முக்கால்வாசிதான் திட்டினேன்.

திட்டி முடித்துவிட்டுத்தான் புகாரைத் திரும்பப் படித்தேன். அந்த மனிதர் எழுதியது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வேறு மாதிரி இருந்தது உண்மை, சீனி உண்மை, எறும்பும் உண்மை. நான்தான் ஒன்றையும் விசாரிக்காமல் அவரை ஊருக்கு முன்னால் மோசடிக்காரர் என்று எழுதியிருக்கிறேன். ஓடிப்போய் அதை அழிக்கப் பார்த்தேன். அந்தத் தளத்தில் போட்ட பதிலை அழிக்க முடியாது. கீழே இன்னொன்று எழுதலாம், அவ்வளவுதான்.

மன்னிப்பு எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. முதலில் எழுதியதில் வீட்டுக்காரரைப் பற்றிய குறைதான் நிறைய இருந்தது, மன்னிப்பைக் காணோம். இரண்டாவது, அரசாங்கக் கடிதம் மாதிரி இருந்தது. நாலாவதில்தான், “தவறு எங்களுடையது. எங்கள் வீட்டில் விளக்கிவிட்டார்கள். உங்களைத் தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கவும்” என்று வந்தது. அதைப் போட்டுவிட்டு, கொரியர் சீட்டின் நகலில் அவர் கைபேசி எண் இருக்கிறதா என்று தேடினேன். எண் இருந்தது. கல்யாண அவசரத்தில் எந்த ஊர் என்று கவனிக்காமல் நான் எழுதிய விலாசத்தை இப்போது பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. ஆயக்குடி! பழனி போகிற வழியில், இங்கிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். கொரியர்காரர்கள் கணக்குப்படி கூஜா கோயம்புத்தூர் வரை போய் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஆயக்குடிக்குப் போயிருக்கிறது.

கூப்பிட்டேன். ஒரு ஆண் குரல். யார் என்று சொன்னேன். நான் மூச்சுவிடாமல் புளி, செங்கல்பொடி, மதுரை நிக்காஹ் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்பெல்லாம் கெடக்கட்டுமுங்க. எனக்கு ஒன்னே ஒன்னு மட்டும் நெசத்தச் சொல்லுங்க. படத்துல இருந்த கூஜாவும் இதுவும் ஒன்னுதானுங்களா?”

“ஒண்ணுதாங்க. சத்தியமா ஒண்ணுதான். வயித்துல நசுங்கல் இருக்கும், பாருங்க.”

“நசுங்கல் இருக்குதுங்க. நசுங்காத கூஜா எந்த ஊர்ல இருக்குதுங்க? எழுத்து எங்கீங்க? அந்த எழுத்த நம்பித்தானுங்க வாங்குனேன்.”

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நானும் வீட்டுக்காரருமாக நேரில் வந்து பார்க்கிறோம் என்றேன். அவர் பதறிவிட்டார்.

“ஐயோ, ஊட்டுக்கு வந்துறாதீங்க. அம்மா இருக்காங்க. வெள்ளிக்கெழம கொய்யாப்பழ லோடு திண்டுக்கல்லுக்கு வருதுங்க. நானே எடுத்தாறனுங்க.”

அம்மாவுக்குத் தெரியாமல் கூஜா வாங்குகிற, குரலிலேயே ஐம்பது வயது தெரிகிற ஆளை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, “திருட்டுக் கூஜாவா இருக்குமோ?” என்றார். “கொஞ்சம் வாய வச்சுக்கிட்டு இருங்க” என்றேன். ஆனால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை முற்பகல் வந்தார். ஒல்லியான ஆள், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ரசீதுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் ஒரு கூடை கொய்யா. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மோசடிக்காரர் என்று நான் எழுதியவர் எனக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“தம்பி, உக்காருங்க. நான் எழுதுனத மனசுல வச்சுக்காதீங்க.”

“பரவால்லீங்கக்கா. எனக்கும் கோவந்தான். நானும் எழுதிப்போட்டனே.”

பையிலிருந்து கூஜாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அறையே ஒரு சுற்று வெளிச்சமானது. தொழுகைக்குக் கிளம்பி, கையில் கண்ணுக்கு இடும் கறுப்புச் சுருமாப் பொடிப் புட்டியோடு வந்த எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்து நின்றுவிட்டார். சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பார்க்கிற மாதிரி பார்த்தார். நான் கண்ணால் ஒரு அதட்டு அதட்டினேன்.

“அந்த எழுத்து எதுக்குத் தம்பி அவ்வளவு முக்கியம்?” என்று கேட்டேன்.

அவர் கூஜாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னார்.

“இது எங்க அம்மாவோட கூஜாவா இருக்கோணுமுங்க. அவங்க கல்யாணத்துக்கு அம்மாவோட அப்பாரு அவங்க பேர வெட்டிக் குடுத்தது. நான் காலேஜ் படிக்கீல, முப்பது வருசம் இருக்குமுங்க, ஊட்டுல யாருக்கும் தெரியாம எடுத்தாந்து இந்த ஊர்ல ஒரு பாத்திரக் கடையில போட்டுட்டேன், அப்பறம் எத்தன கை மாறுச்சோ. சேக்காளிகளோட புதுப்படம் பாத்து, பிரியாணி சாப்ட்டுப் போனோம்.”

“எந்தக் கடையில சாப்ட்டீக?” என்றார் வீட்டுக்காரர்.

“என்னங்க!” என்றேன்.

வந்தவர் லேசாகச் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

“பரண்ல கெடக்குற கூஜாவ ஆரு தேடப்போறாங்கன்னு நெனச்சனுங்க. அடுத்த வாரமே திருச்செந்தூர் போறதுக்கு அம்மா தேடிப்போட்டாங்க. காணோம். பாத்திரம் வெளக்க ஒரு அம்மா வந்துட்டு இருந்தாங்க. பதினோரு வருசமா வந்தாங்க. அவங்கதான் எடுத்துட்டாங்கன்னு எங்கம்மா தெருவே கேக்கக் கத்துனாங்க. திருடின்னு சொன்னாங்க. அந்தம்மா அழுதுட்டே போயிட்டாங்க. அதுக்கப்பறம் எங்க தெருவுல ஒரு ஊட்டுலயும் அவங்கள வேலைக்குச் சேக்கல.” கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினார். “நான் பக்கத்துலயேதானுங்க நின்னுட்டு இருந்தேன். வாயத் தொறக்கல.”

பிறகு சொல்லவே இல்லையா என்று கேட்டேன்.

“ரெண்டு வருசம் கழிச்சுச் சொன்னனுங்க. அம்மா நம்பல. அவ மேல பரிதாபப்பட்டு நீ பழிய ஏத்துக்கற, எம் மகன் அப்படிச் செய்ய மாட்டான்னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு இப்ப எம்பது வயசாச்சு. அந்தம்மாவும் கன்னிவாடிப் பக்கம் மக ஊட்டுல இருக்காங்க. ரெண்டு பேரும் உசுரோட இருக்கையிலயே இத எடுத்துட்டுப் போயி முன்னால வெச்சுச் சொல்லோணுங்க. முப்பது வருசமா எங்கே கூஜாவப் பாத்தாலும் அதோட கழுத்தத் திருப்பித்தான் பாப்பேன். உங்க படத்துல அந்த மூணு எழுத்தப் பாத்த அப்பவே ஏலத்துல வந்து நின்னுட்டனுங்க. வந்ததப் பாத்தா எழுத்தே இல்ல. இத எடுத்துட்டுப் போயி நின்னா, கடையில புதுசா வாங்கியாந்து கத சொல்றான்னுதானுங்க அம்மா சொல்லுவாங்க.”

ஒரு பெண்ணை விசாரிக்காமல் தெரு கேட்கத் திருடி என்று சொன்ன அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று. என் பதில் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

கைபேசியில் பழைய படத்தை எடுத்துப் பெரிதாக்கினேன். கைப்பிடி சேரும் இடத்துக்கு நேர் கீழே, கழுத்து வளையத்தை ஒட்டி எழுத்துகள் இருந்தன. கூஜாவில் அதே இடத்தை விரலால் தடவினேன். ரொம்ப லேசாக ஏதோ நெருடியது. புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் தேய்ந்துபோன புள்ளிகள். அழுக்கு ஏறி நின்றதால்தான் அவை இத்தனை நாள் எழுத்தாக இருந்திருக்கின்றன. அந்த அழுக்கை எங்கள் வீட்டுக்காரர் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறார்.

“அந்தச் சுருமாவக் குடுங்க” என்றேன்.

“கண்ணுல போடுறதையா?”

“குடுங்கன்னா குடுங்க.”

உள்ளங்கையில் கொஞ்சம் சுருமாவைக் கொட்டி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தேன். கழுத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டு, துணியால் மேலாகத் துடைத்தேன். ஒன்றும் இல்லை. பித்தளை சிரித்துக்கொண்டிருந்தது. ஆயக்குடிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வீட்டுக்காரர் சன்னமான குரலில், “ரொம்பச் சுத்தமா வெளக்கிட்டேன் போல” என்றார். முதல் தடவையாக அதில் பெருமை இல்லை.

இன்னொரு தடவை குழைத்தேன். இந்த முறை கெட்டியாக அப்பி, செத்த நேரம் அப்படியே விட்டேன். பிறகு துணியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, பள்ளத்துக்குள் போகாமல், மேல்தோலை மட்டும் துடைத்தேன். ஒரு புள்ளி நின்றது. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக ஏழெட்டுப் புள்ளிகள் கறுத்து, ஒரு வளைவு ஆகி, முதல் எழுத்து வந்தது. இரண்டாவது எழுத்து அதைவிடத் தெளிவாக வந்தது. மூன்றாவது பாதிதான் வந்தது, ஆனால் அது என்ன எழுத்து என்று தெரிந்துகொள்ள அந்தப் பாதி போதும். என்ன எழுத்து என்று இங்கே எழுத மாட்டேன். அது ஆயக்குடிக்காரருடைய அம்மாவின் பெயர்.

எங்கள் வீட்டுக்காரர், கறை பட்டுவிட்டதே என்று வழக்கப்படி துணியை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். பட்டென்று ஒரு அடி வைத்தேன்.

ஆயக்குடிக்காரர் கூஜாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலை எழுத்தின் மேல் படாமல் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். “இதுதானுங்க” என்றார்.

கிளம்பும்போது, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

“படத்துல இருந்த மாதிரி வரலைங்கிறது உண்மைதானே தம்பி. நீங்க எழுதுனது இருக்கட்டும். நான் எழுதுனத என்னால அழிக்க முடியல. ரெண்டும் கெடக்கட்டும்.”

வாசல் வரை போனவரை வீட்டுக்காரர் கூப்பிட்டு நிறுத்தினார். என்னிடம் திரும்பி, தயங்கித் தயங்கி, “ஏ புள்ள, வெறுமனே போகுதே” என்றார். நான் உள்ளே போய் இரண்டு பிடி சீனியை எடுத்து, காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, அதைப் பாலித்தீன் பையில் போட்டு இறுக்கி முடிந்து, கூஜாவுக்குள் வைத்து நானே மூடியைத் திருகினேன். எறும்புப் புகார் இரண்டாம் தடவை வரக் கூடாது.

பதினைந்து நாள் ஆயிற்று. தகவல் ஒன்றும் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே கூப்பிடலாமா என்று இரண்டு தடவை கைபேசியை எடுத்து வைத்தேன். ஒரு சாயங்காலம் அவரே கூப்பிட்டார். நான் பேச்சை எல்லாரும் கேட்கும்படி வைத்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மா எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முழுக்கக் கூஜாவை மடியிலேயே வைத்திருந்தார்களாம். மறுநாள் விடிந்ததும், “வண்டியக் கூப்புடு” என்றார்களாம். கன்னிவாடிப் பக்கம், பாத்திரம் விளக்கிய அந்தப் பெண் இருக்கும் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, கூஜாவை நீட்டி, “எம் மகந்தான் எடுத்தான். நான் உன்னயச் சொல்லிப்போட்டேன்” என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னார்களாம். கூஜாவை நீயே வைத்துக்கொள் என்றும் சொன்னார்களாம்.

“அவங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“கூஜாவ வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்பறம், ‘இத யாரு இப்பிடி வெளக்குனது? மூடி மடிப்புல புளி அப்பிக் கெடக்கு’ன்னாங்க. தூக்கிட்டு உள்ள போயிட்டாங்க. தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுது. அம்மா வாசல்லயே நின்னாங்க. உக்காரச் சொல்லியும் உக்காரல. ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்து, ‘உங்க ஏனம் எனக்கெதுக்கு’ன்னு சொல்லி அம்மா கையிலயே குடுத்துட்டாங்க.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவ்வளவு தூரம் போய், வாங்கிக்கொள்ளவில்லையா என்று நினைத்தேன். அந்தப் பெண் வாங்கிக்கொள்ளாததில் தப்பு இல்லை என்றும் தோன்றியது.

“வண்டியில ஏறுனதுக்கப்பறந்தான் கனமா இருக்குதேன்னு அம்மா மூடியத் தெறந்தாங்கக்கா. கழுத்து வரைக்கும் நெலக்கடல. அவங்க காட்டுல வெளஞ்ச கடல. வெறுமனே குடுக்கலீங்கக்கா.”

எங்கள் வீட்டுக்காரர், “மூடி மடிப்புல புளி இருந்திருக்காது. நான் மூணு தண்ணி விட்டுக் கழுவுனேன்” என்றார். அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு நான் அழுதேன்.